செல்லை எண்ணுவதா, எலியை எண்ணுவதா?

கேள்வி: ஏம்ஸ் சோதனையில் (ஒரு பொருள் மரபணு மாற்றத்தை உண்டாக்குமா என்று பாக்டீரியாவில் பார்ப்பது) ஒரே டோஸுக்கு மூன்று தட்டுகள் வைத்தோம். 80, 120, 160 காலனிகள் வந்தன. எண்ணிக்கைகளுக்கு வழக்கமாகப் போடும் பாய்சான் பரவல் போதுமா?

போதாது. பாய்சானில் மாறுபாடும் சராசரியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே சராசரி 120, மாறுபாடு 1600. 22, 25, 31 என்று வந்திருந்தால் சராசரி 26, மாறுபாடு 21; பேசாமல் பாய்சானையே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மூன்று தட்டை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள். எல்லா டோஸ்களையும் சேர்த்து, மாறுபாடு சராசரியைப் போல எத்தனை மடங்கு என்ற விகிதத்தைப் பாருங்கள். அப்போதும் 4 என்று வந்தால், இந்தக் கூடுதல் மாறுபாட்டை ஏற்கும் குவாசி-பாய்சானில் திட்டப்பிழை (மதிப்பீட்டின் தடுமாற்ற அளவு) இரு மடங்காகும். கூடுதல் மாறுபாட்டுக்கு இடம் தரும் இன்னொரு பரவலான நெகட்டிவ் பைனாமியலும் சரிதான். அதற்கெல்லாம் முன்னால் அந்த 160 தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வேறு கிருமி புகுந்திருந்தால் எந்தப் புள்ளியியல் மாதிரியும் காப்பாற்றாது.

கேள்வி: மைக்ரோநியூக்ளியஸ் சோதனையில் (குரோமோசோம் சேதத்தால் செல்லில் உண்டாகும் சிறு உட்கருக்களை எண்ணுவது) குழுவுக்கு 5 எலிகள், எலிக்கு 4000 செல்கள். மொத்தம் 20,000 என்று வைத்து, இரு குழுக்களின் விகிதங்களை ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனை செய்யலாமா?

இந்தத் தப்பை நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். மருந்து கொடுக்காத கட்டுப்பாட்டுக் குழுவில் ஒவ்வொரு எலிக்கும் மைக்ரோநியூக்ளியஸ் உள்ள செல்கள் 5, ஆக 25 என்று வையுங்கள். மருந்து கொடுத்த குழுவில் 4, 5, 6, 5, 28, ஆக 48. மொத்தத்தை ஒப்பிட்டால் பி மதிப்பு (மருந்துக்கு விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு வரும் வாய்ப்பு) 0.01-க்கும் கீழே போய்விடும். ஆனால் உயர்ந்தது ஒரே ஒரு எலிதான், மற்ற நான்கும் அப்படியே இருக்கின்றன! மருந்து போனது எலிக்கு, செல்லுக்குத் தனித்தனியாக அல்ல. எனவே உங்கள் மாதிரி அளவு (சுதந்திரமான அலகுகளின் எண்ணிக்கை) குழுவுக்கு 5, 20,000 இல்லை. செல்களைக் கூட்டினால் ஒவ்வொரு எலியின் எண்ணிக்கையும் துல்லியமாகும், எலிகள் கூடாது. எலிவாரியான எண்ணிக்கையை வைத்து, எலிகளுக்கிடையேயான வேறுபாட்டையும் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் மாதிரியைப் போடுங்கள். அப்புறம் அந்த 28 எலியின் ஸ்லைடை, எது எந்தக் குழு என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.

கேள்வி: 20 எலிகளில் நான்குக்குப் பூஜ்ஜியம். கூடுதல் பூஜ்ஜியங்களுக்கென்றே உள்ள 'பூஜ்ஜியம் மிகுந்த' புள்ளியியல் மாதிரி வேண்டுமா?

சராசரி 1.5 என்றால், பாய்சானே நான்கைந்து பூஜ்ஜியங்களைத் தரும். வேண்டாம்.

கேள்வி: ஏம்ஸில் கடைசி டோஸில் காலனிகள் குறைகின்றன. அதை நீக்கினால், டோஸ் கூடக் கூடக் காலனிகளும் கூடுகின்றனவா என்று பார்க்கும் போக்குச் சோதனை தேறிவிடுகிறது.

தேறுவதற்காக நீக்காதீர்கள். அந்தத் தட்டில் பின்னணிப் பாக்டீரியா படலம் மெலிந்திருந்தால், பொருளே பாக்டீரியாவைக் கொல்கிறது என்று அர்த்தம்; அந்தக் காரணத்தை எழுதிவிட்டு விலக்கலாம். இந்த விதியைக் காலனிகளை எண்ணும் முன்பே நெறிமுறையில் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லையா? சரி, இரண்டு கணக்கையும் அறிக்கையில் போட்டுவிடுங்கள்.