சிவனொளிபாதமலைக்கு எந்த வழியாக ஏறுவது நல்லது?

கேள்வி: பங்குனி மாதம் கோவையில் இருந்து இலங்கை வருகிறோம். நான், மனைவி, அறுபது வயது அம்மா. எனக்கு வெள்ளியங்கிரி ஏறிய பழக்கம் உண்டு, மற்ற இருவருக்கும் மலையேற்றம் புதிது. ஆடம்ஸ் பீக் என்றும் சொல்கிற சிவனொளிபாதமலைக்கு மூன்று வழி இருக்கிறது என்கிறார்கள். மேப்பில் பார்த்தால் நல்லதண்ணி வழிதான் குட்டையாகத் தெரிகிறது. அதிலேயே ஏறி இறங்கிவிடலாமா, அல்லது வேறு வழி நல்லதா?

பதில்: அம்மாவோடு ஏறுவதென்றால் நல்லதண்ணி வழிதான், வேறு யோசனையே வேண்டாம். நீங்கள் மட்டும் தனியாகவோ நண்பர்களோடோ வருவதென்றால் இரத்தினபுரி மாவட்டத்தில் குருவிட்ட பக்கம் எரத்னவில் ஏறி நல்லதண்ணியில் இறங்குங்கள் என்பேன். ஏன் இரண்டு விதமாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது. மஸ்கெலியா பக்கத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான், இந்த மலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சீக்கிரம் நிறுத்தமாட்டேன்.

கேட்கிற எல்லோரும் ஏறும் வழியைத்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்த மலையில் ஆளைச் சாய்ப்பது இறக்கம். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முழங்கால் வலி வந்தால் நின்றாலும் போகாது, உட்கார்ந்தாலும் போகாது, மிச்சமிருக்கிற படிகளை எப்படியாவது இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் முதலில் எந்தப் பக்கம் இறங்குவது என்று முடிவு செய்யுங்கள். ஏறும் வழி அதற்குப் பின்னால் தானாக முடிவாகும்.

மலையின் உயரம் 2243 மீட்டர். நல்லதண்ணி ஏற்கெனவே மலைநாட்டுக்குள் இருக்கிற ஊர் என்பதால் அங்கிருந்து ஏற வேண்டியது சுமார் 1000 மீட்டர்தான். இரத்தினபுரி மாவட்டப் பக்கம் அப்படியில்லை. எரத்னவோ பலாபத்தலவோ, கால் வைத்துத் தொடங்கும் இடமே நல்லதண்ணியை விடப் பல நூறு மீட்டர் கீழே. தூரமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நல்லதண்ணியில் மூன்று நான்கு மணி நேரத்தில் முடிகிற ஏற்றம் அந்தப் பக்கம் ஏழு மணி நேரத்தைத் தொட்டுவிடும். மேப் குட்டை என்று காட்டுவது பொய்யில்லை. ஆனால் குட்டையான வழியில் அவ்வளவு உயரத்தையும் படியாகவே அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதை மேப் சொல்லாது. சுமார் 5500 படிகள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒரு படி உங்கள் முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது நான்கு விரல் உயரம் இருக்கும், அதற்கடுத்தது சாய்ந்திருக்கும். வெள்ளியங்கிரியின் முதல் மலைப் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள், அது கடைசி வரை விடாமல் வந்தால் எப்படியோ அப்படி.

சரி, நல்லதண்ணி வழி. கொழும்பு கோட்டையில் இருந்து பதுளை போகும் ரயிலில் ஏறி ஹட்டனில் இறங்க வேண்டும். யாத்திரைக் காலத்தில் அங்கிருந்தே நல்லதண்ணிக்கு நேராக பஸ் கிடைக்கும். மற்ற மாதங்களில் மஸ்கெலியாவில் மாற வேண்டியிருக்கும். பஸ்ஸில் இடது வலது என்று ஜன்னலுக்கு அடித்துக்கொள்ள வேண்டாம், மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும்போது மலை எல்லாப் பக்கமும் மாறி மாறித் தெரியும். பாதை தேயிலைக்குள் மெதுவாகத் தொடங்கும். ஜப்பானியப் பௌத்தத் துறவிகள் கட்டிய வெள்ளைச் சமாதானத் தூபி வரைக்கும் ஏற்றம் ஒன்றும் பெரிதில்லை. தேநீர்க் கடைகள் வழியெல்லாம் உண்டு, மின்விளக்கும் உண்டு. தூபி தாண்டிய பிறகுதான் படிகள் தங்கள் வேலையைக் காட்டும். கடைசிப் பகுதியில் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும், காற்றும் அங்கேதான் முகத்தில் அறையும்.

அம்மாவைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எழுபது தாண்டிய பாட்டிமார் வெறுங்காலோடு 'அரோகரா' சொல்லிக்கொண்டு ஏறி இறங்குகிறார்கள். அதைப் பார்த்து நாமும் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வாழ்நாள் முழுக்கக் கொழுந்துக் கூடையோடு சரிவிலேயே நடந்தவர்கள். உங்கள் அம்மாவுக்கு முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்தால் சமாதானத் தூபி வரை கூட்டிப் போங்கள். அங்கிருந்து உச்சி நன்றாகத் தெரியும், விடிகிற நேரம் அங்கே இருப்பதும் குறைந்த அனுபவம் இல்லை. மனைவியோடு அவரை அங்கே இருத்திவிட்டு நீங்கள் மட்டும் மேலே போய் வரலாம். முழங்கால் நன்றாக இருக்கிறது, வந்தே தீருவேன் என்கிறாரா? அப்படியானால் நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள். மற்றவர்கள் இரண்டு மணிக்குத் தொடங்கினால் நீங்கள் இரவு பத்து மணிக்கே தொடங்குங்கள். நடுவில் கடைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம், யாரும் எழுந்து போ என்று சொல்லமாட்டார்கள்.

வயதானவர் கூட வரவில்லை என்றால் அவ்வளவு முன்னதாகக் கிளம்பக்கூடாது. உச்சியில் இடம் குறைவு, ஒதுங்க இடம் அதைவிடக் குறைவு. மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்தவர்கள் ஆறரை மணிச் சூரியனுக்காக வியர்வையில் நனைந்த சட்டையோடு விறைத்துப்போய் நிற்பதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கலாம். காய்ந்த சட்டை ஒன்றைப் பையில் வைத்து மேலே போய் மாற்றிக்கொள்ளுங்கள். கம்பளித் தொப்பியை விட அந்தச் சட்டைதான் குளிரைக் காக்கும்.

இனி இரத்தினபுரி பக்கம். அங்கே முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று இரத்தினபுரியில் இருந்து கிலிமலை, பலாபத்தல வழியாகப் போவது. மற்றது குருவிட்டவில் இருந்து எரத்ன வழியாகப் போவது. இரண்டும் உச்சிக்குக் கீழே ஹெரமிட்டிபான பக்கத்தில் ஒன்று சேர்ந்து, மகாகிரிதம்ப என்கிற செங்குத்தான கடைசி ஏற்றத்தில் ஏறும். பலாபத்தலதான் பழைய ராஜபாட்டை. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன் இந்த மலைக்கு வரும் யாத்திரிகர்களின் சாப்பாட்டுக்காகக் கிலிமலைக் கிராமத்தை எழுதிவைத்தான் என்பது வரலாறு. இந்த வழியில் நிலிஹெல என்றொரு பள்ளத்தாக்கு விளிம்பு வரும். அங்கே விழுந்து இறந்த நிலி என்ற பெண்ணின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எதிரொலி திரும்பி வரும். போகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பழைமைக்காக நடப்பவர்களுக்குப் பலாபத்தல. காட்டுக்காக நடப்பவர்களுக்கு எரத்ன. என்னைக் கேட்டால் எரத்னதான். ஆற்றோரம், அருவி, அடர்ந்த காடு, பாதி தூரம் வரை நிழல். கூட்டமும் குறைவு. வெள்ளியங்கிரியில் படி முடிந்த பிறகு வரும் மலைகள் உங்களுக்குப் பிடித்திருந்தால் இதுவும் பிடிக்கும். கடைகள் தூரத்துக்கு ஒன்று என்பதால் தண்ணீரும் சாப்பாடும் கையில் வேண்டும்.

பங்குனியில் வருகிறீர்கள் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அது பருவமழைக்கு இடைப்பட்ட காலம். காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், மதியம் தாண்டினால் இடி மழை. எரத்னவில் விடிந்ததும் நடக்கத் தொடங்கி, மழைக்கு முன்னால் ஹெரமிட்டிபானவைத் தொட்டுவிட வேண்டும். அங்கே யாத்திரிகர் மடங்கள் உண்டு. சாயங்காலமும் முன்னிரவும் அங்கே படுத்துவிட்டு, நான்கு மணி வாக்கில் கடைசி ஏற்றத்தை முடிக்கலாம். மாலையில் ஏற்றத்தின் நடுவில் இடி மழையில் மாட்டினால் கல்படியெல்லாம் ஓடையாகிவிடும். இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மின்னலைப் பார்க்கிற ஆசை எனக்கில்லை, உங்களுக்கும் வேண்டாம்.

இந்த 'கஷ்டமான பக்கம் ஏறி, சுலபமான பக்கம் இறங்கு' என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. மொராக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா 1344இல் இந்த மலைக்கு வந்தார். புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, மலைக்குப் போய்வர அந்தத் தமிழ் மன்னரே பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினார். மலைக்கு இரண்டு பாதைகள் என்று எழுதுகிறார் அவர். உச்சியில் இருப்பது ஆதமின் பாதச்சுவடு என்பது இஸ்லாமியர் நம்பிக்கை, அதனால் ஆதமின் பேரில் 'பாபா' பாதை, ஏவாளின் பேரில் 'மாமா' பாதை. மாமா பாதை சுலபம், திரும்பி வருகிறவர்கள் அதில் வருவார்கள். ஆனால் அதிலேயே ஏறிப் போனவரை யாத்திரை போனவராகவே கணக்கில் சேர்ப்பதில்லையாம். பாபா பாதை கடினம், பாறையில் இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். நல்லதண்ணியில் ஏறி இறங்கி சாயங்காலமே எல்ல என்கிற சுற்றுலா ஊருக்கு ரயில் பிடிக்கிற வெளிநாட்டுப் பயணிகளிடம் இதைச் சொன்னால் முகம் கொஞ்சம் சுருங்கும்!

நல்லதண்ணி இவ்வளவு பிரபலமானதற்குக் காரணம் பக்தி மட்டும் இல்லை. தேயிலைக்காக வெள்ளைக்காரன் போட்ட ரயில் பாதை 1884இல் ஹட்டனுக்கு வந்தது. அதன் பிறகு மலையின் இந்தப் பக்கம் எல்லோருக்கும் கிட்டத்தில் வந்துவிட்டது.

ஏறும் வழியும் இறங்கும் வழியும் வேறு வேறு என்றால் பெட்டி படுக்கையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பெரிய பெட்டியைக் கொழும்பிலோ ஹட்டனிலோ தங்கும் இடத்தில் வைத்துவிட்டு, ஒரு சின்னப் பையோடு குருவிட்ட பஸ்ஸைப் பிடிப்பதுதான் சுலபம். வேன் வைத்திருந்தால் டிரைவர் உங்களை எரத்னவில் இறக்கிவிட்டு அவிசாவளை, கித்துல்கல, நோட்டன்பிரிட்ஜ் வழியாகச் சுற்றி நல்லதண்ணிக்கு வந்து காத்திருப்பார். அம்மாவும் மனைவியும் அந்த வேனிலேயே நல்லதண்ணிக்கு வந்து அறை எடுத்துத் தங்கலாம், இறங்கி வரும்போது தூபிக்கிட்ட உங்களைப் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் குடும்பத்துக்கு இது நன்றாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மேப் செயலிகளில் முர்ரேவத்த, மூக்குவத்த, மாலிம்பொட என்று இன்னும் சில கோடுகள் தெரியும். அவையும் பழைய வழிகள்தான், ஆனால் ஊர்க்காரர் துணையில்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். மலையைச் சுற்றியிருப்பது பாதுகாக்கப்பட்ட சரணாலயம். மத்திய மலைநாடு என்ற பேரில் 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த காடு இது. சிறுத்தை நடமாட்டம் உள்ள இடம். குறுக்கு வழி தேடி இறங்கினால் முதலில் உங்களைக் கண்டுபிடிப்பது அட்டைதான். அட்டை ஏறாமல் இருக்க, காலுறை போடும் முன் கணுக்கால் வரை சவர்க்காரத்தை (சோப்பை) பூசிக் காயவிடுங்கள். சித்தாலேப தைலமும் வேலை செய்யும், ஆனால் மழை பெய்தால் எல்லாமே கழுவிப் போய்விடும், திரும்பவும் பூச வேண்டும்.

யாத்திரைப் பருவம் டிசம்பர் மாதப் பௌர்ணமியில் இருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை. மற்ற மாதங்களில் விளக்கு இருக்காது, கடை இருக்காது, தென்மேற்குப் பருவமழை மலையை மூடிவைத்திருக்கும். அப்போதும் நல்லதண்ணி வழியாக ஏறுகிறார்கள், எரத்ன பக்கத்தை மட்டும் பருவம் முடிந்தால் மறந்துவிடுங்கள். பருவத்துக்குள் வந்தாலும் போயா என்று இங்கே சொல்கிற பௌர்ணமி நாளையும் சனி ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். கூட்டம் சேர்ந்தால் கடைசிப் படிகளில் வரிசை அசையவே அசையாது, சூரியன் உதித்து அது பாட்டுக்கு மேலே போய்விடும். செவ்வாய், புதன் மாதிரி நாட்கள் நல்லது.

மேலே போனதும் எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்பார்கள். சூரியன் வந்த கொஞ்ச நேரத்திலேயே நீங்கள் மேற்குப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். மலையின் நிழல் முக்கோணமாகக் கீழே பனிமூட்டத்தின் மேல் விழுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது சுருங்கிவிடும், அதனால் போட்டோவுக்கு நிற்காமல் முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள். மணி ஒன்று தொங்கும், எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். முதல் தடவைக்காரர் என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள், பின்னால் நிற்கிற கிழவர் ஒருவர் முப்பதோ நாற்பதோ அடிக்கக் காத்திருப்பார்.

இறக்கத்துக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. வெயில் ஏறும் முன் கிளம்புங்கள், ஒரு கைத்தடி வாங்கிக்கொள்ளுங்கள், படியில் நேராக இறங்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிக் கால் வையுங்கள். சப்பாத்தின் முன்பக்கம் ஒரு விரல் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். ஹட்டனில் மதிய ரயிலுக்கு டிக்கெட் போட்டு வைக்க வேண்டாம். அன்றைக்கு நல்லதண்ணியிலேயே படுத்து எழுந்து மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்புங்கள்.