அந்த அரை நொடில கோச் சொன்னத கேக்கணுமா, மனசுக்கு தோணினத செய்யணுமா?

கேள்வி: ஃபுட்பால்ல பந்து காலுக்கு வந்த அந்த நொடில பிளேயர் தானா முடிவெடுக்கணுமா, இல்ல கோச் சொல்லிக்கொடுத்தபடிதான் ஆடணுமா? கோச் சொன்னத மீறி கோல் அடிச்சா அது சரியா தப்பா?

நேரா பதில் சொல்லிடறேன். அந்த நொடில கோச் சொன்ன வார்த்தை எதுவும் ஞாபகத்துக்கு வராது, வரவும் கூடாது. அதுக்காக கோச்சுக்கு அதுல பங்கே இல்லன்னு நினைச்சுடாதீங்க, அவரோட வேலை அந்த நொடிக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிருக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம். காலேஜ்ல ரைட் பேக், அதாவது வலது பக்க டிஃபென்டரா ஆடினவன் நான், இப்போ லீவு நாள்ல சின்ன பசங்களுக்கு சொல்லிக்கொடுக்கறேன், அதனால இந்த விஷயத்துல கொஞ்சம் நீளமாவே பேசுவேன், பொறுத்துக்கோங்க.

மொதல்ல நேரக் கணக்க பாருங்க. பெனால்டி 11 மீட்டர்லேருந்து அடிக்கறாங்க. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல பந்து வந்தா கோல் லைனுக்கு வந்து சேர 0.4 நொடிதான் ஆகும். ஒண்ண கண்ணால பாத்து உடம்பு அசைய ஆரம்பிக்கவே அதுல பாதி, சுமாரா 0.2 நொடி போயிடும். மிச்ச நேரத்துல 7.32 மீட்டர் அகலம் இருக்கற கோல்ல ஒரு மூலை வரைக்கும் பாஞ்சு கைய நீட்டறது நடக்காத காரியம். அதனால நல்ல கீப்பர் பந்துக்காக காத்திருக்கறதில்ல, அடிக்க வர்றவரு எந்த கோணத்துல ஓடி வர்றாரு, ஊன்றின கால் எந்த பக்கம் திரும்பியிருக்கு, இடுப்பு எப்படி இருக்குன்னு பாத்து பந்து கெளம்பறதுக்கு முன்னாடியே பாதி முடிவ எடுத்துடறாரு. இதுல "கோச் என்ன சொன்னாரு"ன்னு யோசிக்க எங்க எடம் இருக்கு?

பெனால்டி மட்டும் இல்ல, சாதாரணமா ஆட்டம் ஓடிட்டிருக்கறப்பவும் இதே கதைதான். நார்வேக்காரர் கெய்ர் ஜோர்டெட்னு ஒரு ஆராய்ச்சியாளர், இங்கிலீஷ் பிரீமியர் லீக் பிளேயர்ஸ் 118 பேர வீடியோல க்ளோசா பாத்து, பந்து வர்றதுக்கு முன்னாடி அவங்க எத்தன தடவ தலைய திருப்பி சுத்தி பாக்கறாங்கன்னு எண்ணினார். அதிகமா சுத்தி பாத்தவங்கதான் பாஸ சரியா கொண்டுபோய் சேத்தாங்க. அந்த லிஸ்ட்ல மேல இருந்தவர் ஃப்ராங்க் லாம்பார்ட், நொடிக்கு 0.6 தடவைக்கும் மேல, அதாவது பந்து தன்கிட்ட வர்றதுக்குள்ள பல தடவ பின்னாடி, பக்கத்துல எல்லாம் பாத்து முடிச்சுடுவார். நமக்கு டிவில பாக்கறப்ப "அடேங்கப்பா எப்படி டக்குனு குடுத்தான்"னு தோணும், ஆனா அவர் டக்குனு குடுக்கல, பந்து வர்றப்பவே குடுக்க வேண்டிய எடத்த பாத்து வச்சிருந்தார். அந்த பழக்கத்த ஒருத்தர் சொல்லிக்கொடுக்கலாம், பயிற்சில தெனம் கேட்டு கேட்டு வளக்கலாம். எங்க பாக்கணும், எதுக்காக பாக்கணும்னு கண்ணுக்கு சொல்லிக்கொடுக்கறதுதான் கோச்சிங்னு நான் நினைக்கறேன், இந்த எடத்துலேருந்து அந்த எடத்துக்கு ஓடுன்னு காலுக்கு உத்தரவு போடறது அதுக்கு அடுத்ததுதான்.

இதுக்கு நான் பாத்ததுலயே பெஸ்ட் உதாரணம் 2019 மே 7, லிவர்பூல் பார்சிலோனா சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல் ரெண்டாவது மேட்ச். மொத மேட்ச்ல 3-0ன்னு தோத்துட்டு வந்த லிவர்பூல் சொந்த கிரவுண்டுல 3-0ன்னு திருப்பி அடிச்சு சமமா நின்ன நேரம், 79வது நிமிஷம், கார்னர். லிவர்பூல் ரைட் பேக் ட்ரெண்ட் அலெக்சாண்டர்-ஆர்னல்ட் பந்த வச்சுட்டு, டீம் மேட் ஷகீரி வந்து அடிக்கட்டும்னு நாலு எட்டு நகந்து போறார். திடீர்னு பாத்தா பாக்ஸ்ல பார்சிலோனா ஆளுங்க ஒருத்தரும் பந்த பாக்கல, லிவர்பூல் ஸ்ட்ரைக்கர் ஒரிகி மட்டும் தனியா நிக்கறார். ட்ரெண்ட் சட்டுனு திரும்பி வந்து தரையோட அடிச்சுட்டார், ஒரிகி அத வலைக்குள்ள அனுப்பிட்டார், கோல், 4-0, கதை முடிஞ்சது. அப்போ ட்ரெண்டுக்கு வயசு 20. அப்போ லிவர்பூல் கோச்சா இருந்த க்ளாப்பே அந்த கார்னர் அடிச்சத பாக்கல, பந்து வலைக்குள்ள போனத மட்டும்தான் பாத்தேன்னு பின்னாடி சொன்னார். யாரும் அத அடின்னு ட்ரெண்டுக்கு சொல்லல, சொல்ல நேரமும் இல்ல.

ஆனா முழு கதையும் அது இல்ல. பார்சிலோனா ஆளுங்க ஆட்டம் நின்ன ஒடனே ரெஃப்ரி கிட்ட பேசறதுலயும் தங்களுக்குள்ள பேசறதுலயும் கவனத்த விடறாங்கன்னு லிவர்பூல் வீடியோ அனலிஸ்ட்கள் முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தாங்க, பந்து வெளிய போனா ஒடனே திருப்பி குடுங்கன்னு பால் பாய்ஸுக்கு வரைக்கும் சொல்லி வச்சிருந்தாங்க. அதாவது அந்த சந்தர்ப்பம் வரும்னு கதவ தொறந்து வச்சது கோச்சிங் கூட்டம், உள்ள பூந்து போனது அந்த பையனோட கண்ணு. இதுல எத பிரிச்சு இது தனி திறமை, இது கோச் சொன்னதுன்னு சொல்ல முடியும் சொல்லுங்க?

பனென்கா கிக்கும் இப்படித்தான். 1976 யூரோ ஃபைனல், பெல்கிரேட், மேற்கு ஜெர்மனிக்கு எதிரா செக்கோஸ்லோவாக்கியா, கடைசி பெனால்டி. ஓடி வந்து பந்த மெதுவா நடுவுல தூக்கி போட்டார் அன்டோனின் பனென்கா, ஜெர்மனி கீப்பர் ஸெப் மேயர் ஒரு பக்கம் பாஞ்சு விழுந்துட்டார். பாத்தவங்க எல்லாம் அந்த நேரத்துல தோணின கிறுக்குன்னு நினைச்சாங்க. நிஜத்துல தன் க்ளப் கீப்பரோட பந்தயம் கட்டி ரெண்டு வருஷமா பழகின அடி அது. ரூம் மேட்டா இருந்த டீம் கீப்பர் இவோ விக்டர், வேண்டாம்னு எச்சரிச்சும் அடிச்சார். அப்ப இது துணிச்சலா, சொன்ன பேச்ச கேக்காததா, பயிற்சியா? மூணும்தான், ஆனா பயிற்சி இல்லாம மத்த ரெண்டும் இருந்திருந்தா அவர் பேர இன்னிக்கு யாரும் சொல்லிட்டிருக்க மாட்டாங்க.

மறுபக்கம் நிஜமாவே முன்கூட்டி பழகாத ஒண்ணும் இருக்கு, அதையும் சொல்லணும். 1974 உலகக் கோப்பைல ஸ்வீடனுக்கு எதிரா நெதர்லாந்து ஸ்டார் க்ரைஃப் போட்ட அந்த திருப்பம் (பந்த அடிக்கற மாதிரி காட்டி, காலுக்கு பின்னாடி இழுத்து திரும்பினது), ஸ்வீடன் டிஃபென்டர் யான் ஓல்சன் எந்த பக்கம் போறதுன்னு தெரியாம நின்னாரே, அத தான் ஒருநாளும் பயிற்சி பண்ணினதே இல்ல, அந்த நிமிஷம் அதுதான் சரின்னு தோணிச்சுன்னு க்ரைஃப் சொல்லியிருக்கார். அந்த மேட்ச் 0-0. அந்த திருப்பத்தால ஸ்கோர் மாறல, இருந்தும் 50 வருஷமா உலகம் முழுக்க பசங்க அத பழகறாங்க. நல்ல கோச் இந்த மாதிரி ஒண்ணுக்கு எடம் விட்டு வைக்கணும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

சரி, அப்போ எப்பதான் கண்ண மூடிட்டு சொன்னபடி ஆடணும்? உன் முடிவ நம்பி இன்னும் மூணு பேர் நிக்கறப்ப. டிஃபென்ஸ்ல இருந்தவங்களுக்கு இது ரத்தத்துல ஊறியிருக்கும். எதிராளிய ஆஃப்சைட்ல மாட்டவைக்க டிஃபென்ஸ் லைன் மேல ஏறுதுன்னா நாலு பேரும் ஏறணும், ஒருத்தர் "எனக்கென்னமோ இவன் உள்ள ஓடுவான்னு தோணுது"ன்னு ரெண்டு எட்டு பின்னாடி நின்னார்னா மத்த மூணு பேரும் செஞ்ச சரியான வேலை மொத்தமா வீணாயிடும். அவர் நினைச்சது சரியாவே இருக்கட்டும், அப்பவும் வீண்தான். பிரஸ்ஸிங்கும், அதாவது எதிராளிய நெருக்கி பந்த பறிக்கறதும், அதே. எதிராளி பந்த மோசமா நிறுத்தினா, தன் கோல பாத்து திரும்பினா, சைட் லைன் ஓரத்துல மாட்டினா, அப்பதான் எல்லாரும் சேந்து பாயணும்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க. ஒருத்தர் மட்டும் தனக்கு தோணுச்சுன்னு ஓடினா, அவர் விட்டுட்டு போன காலி எடத்துல ஒரே பாஸ்ல எதிர் டீம் வெளிய வந்துடும்.

இத்தாலி க்ளப் ஏசி மிலானுக்கு கோச்சா இருந்த அர்ரிகோ சாக்கி சொன்ன ஒரு கதை உண்டு. அங்க முன்னாடி ஆடின ஸ்டார்கள் குல்லிட், வான் பாஸ்டன் ரெண்டு பேருக்கும் இந்த கூட்டு ஒழுங்குல அவ்வளவா நம்பிக்கை வரல. அதனால சாக்கி என்ன பண்ணினார்னா, கீப்பர் கலி, டிஃபென்டர்கள் டஸ்ஸோட்டி, மல்தினி, கோஸ்டாகுர்ட்டா, பரேசின்னு அஞ்சு பேர ஒரு பக்கம் நிறுத்தி, எதிர்ல குல்லிட், வான் பாஸ்டனோட சேத்து பத்து பேர விட்டு, 15 நிமிஷத்துல கோல் அடிங்கன்னார். பந்து போச்சுன்னா தங்க பாதில 10 மீட்டர் உள்ளேருந்து மறுபடி ஆரம்பிக்கணும், அது ஒண்ணுதான் நிபந்தனை. பத்து பேரால அடிக்கவே முடியலங்கறார் சாக்கி. சேந்து நகந்தா அஞ்சு பேர் போதும். திறமைக்காரங்க இத கேட்டு கோவப்படக்கூடாது, பின்னாடி இந்த ஒழுங்கு இருக்கறதாலதான் முன்னாடி வான் பாஸ்டனுக்கு சுதந்திரமே கெடச்சது.

உங்க ரெண்டாவது கேள்விக்கு பிரான்ஸ் ஸ்ட்ரைக்கரா இருந்த தியரி ஹென்றி ஒரு டிவி நிகழ்ச்சில சொன்னது சரியா பொருந்தும். பார்சிலோனால அப்போ கோச்சா இருந்த கார்டியோலா அவர இடது ஓரத்துலயே நில்லுன்னு சொல்லியிருக்கார். பந்து வராம வெறுத்து போயி ஹென்றி வலது பக்கம் போயிட்டார், போயி கோலும் அடிச்சார், ஹாஃப் டைம்ல அவர வெளிய எடுத்துட்டாராம் கார்டியோலா. மொத தடவ கேக்கறப்ப அநியாயம்னுதான் தோணும். ஆனா அதே ஹென்றி இன்னொண்ணும் சொல்றார், கடைசி மூணுல ஒரு பங்கு மைதானம் வரைக்கும் உங்கள கொண்டு வர்றது என் வேலை, அதுக்கப்புறம் முடிக்கறது உங்க வேலைன்னுதான் கார்டியோலா சொல்வாராம், அங்க அவர் எந்த கட்டும் போடமாட்டாராம். அப்ப ஹென்றி பண்ணினது அரை நொடி முடிவே இல்ல. பல நிமிஷம் யோசிச்சு எடத்த விட்டு போனது, அவர் அந்த ஓரத்துல நிப்பார்னு நம்பி பந்த குடுக்கறவங்களுக்கு அங்க ஆள் இல்லாம போறது. கோல் வந்ததால அது சரியாயிடாது, எனக்கு இதுல கார்டியோலா பக்கம்தான்.

இதே அளவுகோல தோத்தவங்களுக்கும் போடணும், அங்கதான் நாம எல்லாரும் கொடூரமா நடந்துக்கறோம். 2022 உலகக் கோப்பை ஃபைனல், கூடுதல் நேரமும் முடியப்போகுது, அர்ஜென்டினா பிரான்ஸ் 3-3, பிரான்ஸ் ஸ்ட்ரைக்கர் கோலோ முவானி தனியா கீப்பர் முன்னாடி. அடிச்சார், அர்ஜென்டினா கீப்பர் எமி மார்டினெஸ் இடது கால நீட்டி தடுத்துட்டார். பெனால்டில அர்ஜென்டினா ஜெயிச்சது. இடது பக்கம் டீம் மேட் எம்பாப்பே தனியா நின்னார், பாஸ் குடுத்திருக்கலாம், இல்ல தூக்கி போட்டிருக்கலாம்னு கோலோ முவானியே பின்னாடி சொன்னார், ஆனா அந்த நேரத்துல எம்பாப்பேவ தான் பாக்கலன்னும் சொன்னார். ரீப்ளேல மேலேருந்து எடுத்த கேமராவ பத்து தடவ பாத்துட்டு "ஏன் குடுக்கல"ன்னு கேக்கறது நியாயமே இல்ல. அவர் கண்ணுக்கு தெரிஞ்சது கீப்பரும் கோலும், தெரிஞ்சத வச்சு ஸ்ட்ரைக்கர் எடுத்த முடிவு சரியானதுதான், தடுத்தது உலகத் தரமான சேவ்.

கடைசியா எனக்கு நிஜமாவே வருத்தம் தர்ற ஒரு விஷயம். லைன்ல நின்னுட்டு "அடி, விடு, குடு, திரும்பு"ன்னு 90 நிமிஷமும் கத்தற கோச்சுங்க. நான் ஆடின காலத்துலயும் அப்படி ஒருத்தர்கிட்ட ஆடியிருக்கேன், ரெண்டாவது ஹாஃப்ல நாங்க யாரும் மைதானத்த பாக்க மாட்டோம், அவர் மூஞ்சியத்தான் பாப்போம். 2007ல வெளியான ஒரு இஸ்ரேல் ஆய்வு, 286 பெனால்டிய எடுத்து பாத்தது. கீப்பருங்க 100ல 94 தடவ ஏதோ ஒரு பக்கம் பாயறாங்க, ஆனா நடுவுலயே நின்னப்பதான் தடுக்கற வாய்ப்பு அதிகமா இருந்திருக்கு. அப்புறம் ஏன் பாயறாங்கன்னா, நின்ன எடத்துல நின்னு கோல் விட்டா சும்மா இருந்துட்டான்னு தோணும், பாஞ்சு விட்டா முயற்சி பண்ணினான்னு தோணும், இதுதான் அந்த ஆய்வு சொல்ற காரணம். பெரிய பெரிய கீப்பருக்கே இப்படின்னா 12 வயசு பையனுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க. திட்டுக்கு பயந்தவன் சரியான பாஸ தேடமாட்டான், திட்டு விழாத பாஸத்தான் தேடுவான்.

அதனால எங்க பசங்க கிட்ட தப்பு நடந்தா "ஏன் அப்படி பண்ணின"ன்னு நான் கேக்கறதில்ல, ஆட்டத்த நிறுத்திட்டு "நீ அப்போ என்ன பாத்த"ன்னுதான் கேப்பேன். சில சமயம் அவன் சொல்ற பதில கேட்டா, அவன் எடுத்தது சரியான முடிவு, கால்தான் சரியா படலன்னு புரியும். அப்ப சரிபண்ண வேண்டியது டச், முடிவ தொட வேண்டியதே இல்ல.

இன்னொண்ணு, கமெண்ட்ல யாராவது செல்சி கீப்பரா இருந்த கெப்பாவ கொண்டு வருவீங்க, அதான் இப்பவே சொல்லிடறேன். 2019 லீக் கப் ஃபைனல்ல கோச் சார்ரி மாத்து ஆள லைன்ல நிக்க வச்சும் வெளிய வரமாட்டேன்னு நின்னாரே, அத இதோட கலக்காதீங்க. அங்க ஆட்டம் நின்னிருந்தது, யோசிக்க நேரம் இருந்தது, போர்டு தூக்கியாச்சு. ஒரு வார சம்பளம் அபராதம், அடுத்த மேட்ச்ல பெஞ்சு, ரெண்டும் சரிதான்.