முப்பது பைசாவுக்காகச் செங்குன்றம் போகலாமா?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன், தினமும் ஸ்கூட்டரில் எண்ணூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, தண்டையார்பேட்டையில் பெட்ரோல் டெப்போ, எல்லாம் கூப்பிடு தூரம். ஆனாலும் எங்களுக்குப் பெட்ரோல் விலை குறையவில்லை. செங்குன்றம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் லிட்டருக்கு 30 பைசா குறைவு என்கிறார் மச்சான். அங்கே போய்ப் போடலாமா?

பதில்: போகாதீர்கள். திருவொற்றியூரிலிருந்து செங்குன்றம் போய் வர 30 கிலோமீட்டருக்குக் குறையாது. உங்கள் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தாலும் வழியிலேயே 65 ரூபாய் பெட்ரோல் எரிந்துவிடும். அங்கே ஐந்து லிட்டர் போட்டால் மிச்சம் ஒன்றரை ரூபாய்.

மணலியில் காய்ச்சுவதால் மணலிக்கு மலிவு என்ற கணக்கே நம் நாட்டில் கிடையாது. இந்தியன் ஆயில், பாரத், இந்துஸ்தான் என்ற மூன்று எண்ணெய் நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே விலைதான் வைக்கின்றன, ஊருக்குள் வரும் பைசா வித்தியாசம் பெரும்பாலும் லாரி வாடகை. அதற்கு மேல் மத்திய கலால் வரி, மாநில மதிப்புக் கூட்டு வரி. 2017 ஜூனிலிருந்து தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்றார்கள், ஆனால் மாதக்கணக்கில் அசையாமல் நின்றதையும் பார்த்தோம். 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்தபோது சென்னையில் லிட்டர் நூறு ரூபாய்க்குச் சற்று மேலே வந்து நின்றது. ஆலைப் புகையையும் டேங்கர் நெரிசலையும் தாங்குகிற வடசென்னைக்காரருக்கு இதில் ஒரு பைசா சலுகை இல்லை, அதைக் கேட்க ஆளும் இல்லை.

சரி, பணம் எங்கே போகிறது? அளவில். பங்கில் ஐந்து லிட்டருக்கு 25 மில்லி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. அந்த 25 மில்லியின் விலை இரண்டரை ரூபாய், உங்கள் மச்சான் சொல்லும் ஒன்றரை ரூபாயைவிட அதிகம். அதையும் தாண்டிக் குறைத்தால் சொல்லவே வேண்டாம். எல்லா பங்கிலும் முத்திரை குத்திய ஐந்து லிட்டர் அளவுக்குடுவை இருக்க வேண்டும், நீங்கள் கேட்டால் அளந்து காட்டியே ஆக வேண்டும். பின்னால் வண்டிகள் நிற்கும், ஊழியர் முகம் சுளிப்பார், கேளுங்கள். ஒரு முறை கேட்டு அளவு சரியாக வந்த பங்கு வீட்டுப் பக்கத்தில் இருந்தால் அதுதான் உங்களுக்கு மலிவான பங்கு.

இன்னொன்று, நீங்கள் 300 ரூபாய்க்குச் சொல்வீர்கள், அவர் 100-இல் நிறுத்தி, 'ஐயோ, நூறுனு நினைச்சேன் சார், மீதியைப் போட்டுடறேன்' என்பார். மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வராமல் 200 வரை ஓட்டிவிட்டு 300 கேட்பார். வண்டியை விட்டு இறங்கி, கண்ணை மீட்டரிலேயே வையுங்கள், நடுவில் ஒருவர் வந்து கார்டு வேண்டுமா, ஆயில் வேண்டுமா என்று பேச்சுக் கொடுத்தாலும் திரும்பாதீர்கள். 'சாதா பெட்ரோல்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் விலை கூடிய எக்ஸ்பி95, ஸ்பீட், பவர் இவற்றில் ஒன்று உங்கள் டேங்கில் இறங்கிவிடும். சாதாரண ஸ்கூட்டருக்கு அது தேவையே இல்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கேன் வியாபாரம்தான். டேங்கர் லாரிகள் நிற்கும் சாலைகளில் 'பங்கு விலைக்குப் பத்து, பதினைந்து கம்மி' என்று ஒரு தரகர் வருவார். அது லாரியிலிருந்து திருடியதாக இருக்கும், அல்லது மண்ணெண்ணெய், தின்னர் கலந்ததாக இருக்கும். அதைப் போட்டு இன்ஜெக்டர் அடைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் வந்தவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். திருட்டுப் பொருள் வாங்கியதாக வழக்கு வந்தால் அந்தத் தரகர் வர மாட்டார், நீங்கள்தான் நிற்க வேண்டும். வீட்டில் கேனில் வாங்கி வைப்பது இன்னும் மோசம், அடுப்பும் விளக்கும் இருக்கும் இடம் அது.

விலை பார்த்து ஓட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, ஆந்திர எல்லை. எல்லைக்கு அப்பால் ஆந்திராவில் வரி அதிகம், அதனால் சில ஆண்டுகளாகவே லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். நீங்கள் சூளூர்பேட்டைக்கோ ஸ்ரீசிட்டிக்கோ போகிறவர் என்றால் கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிக்குள் டேங்கை நிரப்பிவிடுங்கள், ஆரம்பாக்கம் தாண்டித் தடா வந்துவிட்டால் விலை ஏறிவிடும். திரும்பும்போது ரிசர்வ் விழுந்தாலும் அங்கே முழுசாகப் போடாமல், எல்லை தாண்டும் அளவுக்கு மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள். ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகிறவர்களும் அப்படித்தான், ஊத்துக்கோட்டையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டர் ஸ்கூட்டருக்கே 35 ரூபாய் மிச்சம், காரில் போகிறவருக்கு 250-க்கு மேல். ஆனால் இதற்கென்றே ஒரு பயணம் போட்டுவிடாதீர்கள், அது மறுபடியும் செங்குன்றம் கதைதான்.

அளவு குறைந்தது என்று உறுதியானால் பங்கில் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு எழுதுங்கள், தர மறுத்தால் அங்கே நின்றபடியே 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். ரசீதை மறக்காமல் வாங்கி வையுங்கள், அது இல்லாமல் போனால் உங்கள் புகாரை ஒருவரும் நகர்த்த மாட்டார்கள்.