லெ குவினை எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள அக்கா,

வெள்ளவத்தையில் பத்துப் பன்னிரண்டு பேராக ஒரு வாசிப்பு வட்டம் வைத்திருக்கிறோம். பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு நிற்கும் பிள்ளை முதல் ஓய்வுபெற்ற ஆசிரியர் வரை வருகிறார்கள். அடுத்த முறை எனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவரை நான் இருபது நிமிடத்தில் அறிமுகம் செய்ய வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் எழுதிய, எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுலகில் நடக்கும் கதைகள் என்று சொன்னதும் எங்கள் மாஸ்டர், "மந்திரவாதி, டிராகன் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத்தானே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. லெ குவினின் வாழ்க்கை, விருதுகள் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்கட்டும்?

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சி,

விருதுகளைக் கடைசிக்கு வையுங்கள். நேரம் போதாவிட்டால் விட்டுவிடுங்கள். மாஸ்டரோடு வாதாடவும் வேண்டாம். "இதுவும் இலக்கியம்தான்" என்று நிரூபிக்கப் புறப்பட்டால் உங்கள் இருபது நிமிடமும் அதிலேயே போய்விடும். பெயரில் தொடங்குங்கள்.

எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் இரண்டு பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, வீட்டில் கூப்பிட ஒன்று. கூட்டத்துக்கு வந்தவர்களிடம் அவரவர் வீட்டுப்பேரை முதலில் கேளுங்கள். சிரிப்பும் வெட்கமுமாக எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, எர்த்ஸீயில் இது நேர்மாறு என்று சொல்லுங்கள். அங்கே ஊர் அறிந்த பெயர் வெறும் கூப்பிடு பெயர். மெய்ப்பெயர் ஒளித்து வைக்கப்படும். அதை அறிந்தவனுக்கு அந்த ஆளின் மேல் அதிகாரம் வந்துவிடும். 1968இல் வந்த முதல் நாவலின் பையனுக்குத் தாய் வைத்த பெயர் டூனி. வானத்துப் பருந்துகளைக் கூப்பிட்டு இறக்குவதால் கூடவிருக்கும் பிள்ளைகள் ஒரு பறவையின் பெயரைச் சூட்டுகிறார்கள். மெய்ப்பெயர் கெட். அதைக் குருவிடமிருந்து பதின்மூன்று வயதில் பெறுகிறான்.

நான் இந்தப் புத்தகத்தை முதலில் வாசித்தபோது ஒரு காட்சியில் நின்றுவிட்டேன். ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் கெட் தன் திறமையைக் காட்டப் போய், பெயரில்லாத ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். தலைமைக் குரு அதனால் இறக்கிறார். கெட் முகத்தில் தழும்போடு பல வாரம் கிடந்து எழும்புகிறான், யார் முகத்தையும் பார்க்கக் கூசுகிறான். அப்போது படிப்பை முடித்து ஊருக்குப் புறப்படும் நண்பன் வெட்ச் விடைபெற வருகிறான். ஆறுதல் என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தன் மெய்ப்பெயரைச் சொல்கிறான்: எஸ்டாரியோல். அவ்வளவுதான். தன் உயிரைக் கூட்டாளியின் கையில் வைத்துவிட்டுப் போகிறான்.

இந்தக் கொழும்பில் நான் சிறுமியாக இருந்த காலத்தில், பஸ்ஸில் ஏறினால் அம்மா எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கையை அழுத்துவார், அல்லது கண்ணால் காட்டுவார். பெயரைக் கேட்டாலே நாங்கள் யார் என்று தெரிந்துவிடும். அது தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை அவர் பார்த்திருந்தார். அப்படி வளர்ந்த எனக்கு, ஒருவன் இன்னொருவனை நம்பித் தன் பெயரைச் சொல்வது சின்னப் பிள்ளைகளுக்கான கதையாகத் தெரியவில்லை. உங்கள் மாஸ்டருக்கும் அப்படித் தெரியாது என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் லெ குவினின் வாழ்க்கையைக் கொண்டுவரலாம். தந்தை ஆல்ஃப்ரெட் க்ரோபர் மானிடவியல் அறிஞர். 1911இல், தன் இனத்தில் கடைசியாக எஞ்சிய யாஹி என்ற பழங்குடி மனிதர் ஒருவர் கலிஃபோர்னியாவில் வெளிப்பட்டார். தன் பெயரைத் தானே சொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. அதைச் சொல்ல வேறு யாரும் உயிரோடு இல்லை. க்ரோபர் அவரை இஷி என்று அழைத்தார், அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று பொருள். 1916இல் இறக்கும்வரை இஷி தன் பெயரைச் சொல்லவே இல்லை. லெ குவின் பிறந்தது 1929இல். தாய் தியோடோரா இஷியின் வரலாற்றை எழுதி 1961இல் வெளியிட்டார். எர்த்ஸீ இதிலிருந்துதான் பிறந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு இரண்டையும் பிரித்து வாசிக்க முடிவதில்லை.

இன்னும் சில விஷயங்கள். கதை எழுதுமுன் லெ குவின் முதலில் வரைந்தது தீவுகளின் வரைபடத்தைத்தான். அதைப் போட்டோகொப்பி எடுத்துக் கையில் கொடுங்கள். தீவில் பிறந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் கப்பல் பாதை தேடத் தோன்றும். கெட்டின் நிறம் செம்பழுப்பு, வெட்ச் கறுப்பு என்பதையும் சொல்லுங்கள். பல அட்டைப்படங்கள் கெட்டை வெள்ளைக்காரனாக்கின, லெ குவின் அதை விடாமல் எதிர்த்தார். முதல் நாவலில் ஒரே ஒரு படையெடுப்புத்தான் வருகிறது. பையன் பனிமூட்டத்தை எழுப்பித் தன் ஊரையே மறைத்து அதை முறியடிக்கிறான். அதன்பிறகு புத்தகம் முழுக்க அவனுக்கும் அந்த நிழலுக்கும் இடையில்தான். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

யாராவது "அடுத்தது என்ன?" என்று கேட்டால் 1971இல் வந்த இரண்டாம் நாவலைக் கொடுங்கள். டெனார் என்ற சிறுமியைக் கோவிலுக்குப் பூசாரியாக எடுத்து, அவள் பெயரைப் பறித்து, 'உண்ணப்பட்டவள்' என்று பொருள்படும் அர்ஹா என்ற பெயரை வைக்கிறார்கள். அந்தக் கோவிலின் இருட்டுக்குள் வந்து சேரும் கெட், அவள் பெயரை அவளுக்குத் திருப்பிக் கொடுக்கிறான். என்னைக் கேட்டால் லெ குவினின் ஆகச் சிறந்த புத்தகம் இதுதான்.

ஆங்கிலம் சிரமமானவர்களும் உங்கள் வட்டத்தில் இருக்கலாம். வெட்ச் விடைபெறும் பக்கத்தை நீங்களே தமிழாக்கிக் கொண்டு போங்கள், ஒரு இரவு வேலைதான். அதோடு 1964இல் வந்த ஒரு சிறுகதையிலிருந்தும் ஒரு துண்டு. அதில் ஒரு தீவுப் பள்ளிக்கூட ஆசிரியை, மரியாதையாக நடக்கும் பிள்ளை யாரிடமும் மெய்ப்பெயரைக் கேட்கவும் கூடாது, தன்னுடையதைச் சொல்லவும் கூடாது என்று பாடம் நடத்துகிறார். பிள்ளைகள் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த ஆசிரியையின் பெயர் பழனி! எப்படி வந்த பெயரோ, தமிழ்க் காதில் அது விழும்போது வரும் சந்தோஷமே தனி.

அந்தப் பகுதியை வாசிக்க உங்கள் மாஸ்டரிடம் கொடுங்கள். பிள்ளைகளின் கேள்விகளை ஓ.எல். பிள்ளை வாசிக்கட்டும்.

அன்புடன்,
அக்கா