கடற்பஞ்சு தந்த ஊசியும் கட்டக்கோரை கேப்சூலும்

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. நான்கு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்தோம். போன வருடம் கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவிவிட்டது என்றார்கள். பாக்ளிடாக்செல் போட்டதில் கொஞ்ச நாள் கட்டுப்பட்டது. இப்போது ஸ்கேனில் மறுபடி வளர்ந்திருக்கிறது. அந்த ஊசியால் வந்த கால் மரமரப்பு இன்னும் போகவில்லை. டாக்டர் அடுத்ததாக 'எரிபுலின்' என்ற ஊசியைச் சொல்கிறார். கடலில் இருக்கும் பஞ்சு மாதிரியான ஓர் உயிரிலிருந்து வந்த மருந்து என்றும் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து சித்தப்பா, "கடலிலிருந்து வருவதுதான் மருந்து என்றால், கடல்பாசி கேப்சூலையே கொடுக்கலாமே, முடியும் கொட்டாது" என்று ஒருவரைக் கூட்டி வந்துவிட்டார். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எடுத்த பாசியாம். ஆராய்ச்சி மருந்தாம். மாதம் 6,500 ரூபாய். கொடுக்கலாமா? அம்மாவுக்கு மீன் கூடாது என்றும் சிலர் சொல்கிறார்கள், அது உண்மையா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: கேப்சூல் வேண்டாம். எரிபுலினைப் பற்றி உங்கள் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மீனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன் என்றாலும் சித்தப்பாவின் கேள்வியை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. கடலிலிருந்து புற்றுநோய் மருந்து வந்திருக்கிறது என்பது உண்மை. அது எப்படி வந்தது என்று தெரிந்தால், கேப்சூல் ஏன் அந்த வழியில் வந்ததில்லை என்பது அவருக்கே புரிந்துவிடும். இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

கடற்பஞ்சு பாறையை விட்டு நகராது. ஓடத் தெரியாது, கடிக்க வாயில்லை, மேலே காப்பாக ஓடு ஒன்றும் இல்லை. சுற்றிலும் தின்ன வருகிற மீன்கள், மேலே படர வருகிற மற்ற உயிர்கள், கூடவே கிருமிகள். இத்தனைக்கும் நடுவில் அது பிழைத்துக் கிடப்பதற்குப் பெரிய காரணம் அதன் உடம்பில் இருக்கும் ரசாயனங்கள். பல சமயம் அவற்றைச் செய்வது பஞ்சுகூட இல்லை, அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். மருந்து தேடுகிறவர்கள் கடலில் இறங்குவது அந்த விஷத்துக்காகத்தான், சத்துக்காக அல்ல. சித்தப்பா முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

ஜப்பானில் மியுரா தீபகற்பத்துக் கடலோரத்தில் 'ஹாலிகோண்ட்ரியா ஒகடாய்' என்றொரு கறுப்புக் கடற்பஞ்சு உண்டு. ஹிராட்டா, உயெமுரா என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதிலிருந்து 'ஹாலிகோண்ட்ரின் பி' என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1986-ல் வெளியிட்டார்கள். 600 கிலோ பஞ்சை அரைத்து, கரைத்து, வடித்துப் பிரித்த பிறகு அவர்கள் கையில் மிஞ்சியது 12.5 மில்லிகிராம். கடுகு நாலைந்து சேர்ந்தால் அந்த எடை வரும்.

அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 60 வகை மனிதப் புற்றுநோய் செல்களை வரிசையாக வளர்த்து வைத்து, புதிதாக வரும் பொருட்களை ஒவ்வொன்றின் மேலும் விட்டுப் பார்ப்பார்கள். எந்தச் செல் எவ்வளவு சாகிறது என்ற கணக்கு ஒரு கைரேகை மாதிரி விழும். 1991-ல் ஹாலிகோண்ட்ரினின் கைரேகையைப் பார்த்தவர்களுக்கு இது செல் பிரிவதைத் தடுக்கும் இனம் என்று தெரிந்துவிட்டது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை, கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுக்கும் கரைவலையை வைத்துச் சொல்லலாம். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களை இரண்டு பக்கத்திலிருந்தும் இழுப்பதற்கு நுண்குழல்கள் என்ற கயிறுகள் உண்டு. அவை நீண்டுகொண்டும் சுருங்கிக்கொண்டும் இருந்தால்தான் இழுப்பு நடக்கும். அம்மாவுக்கு முன்பு போட்ட பாக்ளிடாக்செல், அந்தக் கயிறு சுருங்க முடியாமல் கழிபோல விறைக்க வைக்கும். எரிபுலின் அதே கயிற்றின் நுனியில் போய் உட்கார்ந்து, மேற்கொண்டு நீளவிடாமல் செய்யும். இரண்டிலும் இழுப்பு நின்று செல் சாகிறது. பிடிக்கிற இடம் மட்டும் வேறு. அதனால்தான் பாக்ளிடாக்செலுக்குப் பழகிப்போன கட்டியிலும் எரிபுலின் சில பேருக்கு வேலை செய்கிறது. உங்கள் டாக்டர் இதை அடுத்ததாகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் 1991-ல் மருந்து தயாராகிவிடவில்லை. பொருள் எங்கே? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எரிபுலினை உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம் என்று போடுகிறோம். அம்மா போன்ற ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம். ஹாலிகோண்ட்ரினையே அதே அளவில் போடுவதாக வைத்துக்கொண்டால், 600 கிலோ பஞ்சு ஒரே ஒருவருக்கு ஆறு ஊசிக்குத்தான் வரும். நியூசிலாந்துக் கடலில் இதே பொருள் கொஞ்சம் அதிகமாக உள்ள வேறொரு பஞ்சைக் கண்டுபிடித்து ஒரு டன் எடுத்தார்கள். தேறியது 300 மில்லிகிராம்தான். இப்படியே போயிருந்தால் கடற்பஞ்சு இனமே அழிந்திருக்கும், நோயாளிகளுக்கும் மருந்து போய்ச் சேர்ந்திருக்காது.

வழி வேறு பக்கத்திலிருந்து பிறந்தது. ஹார்வர்டில் இருந்த யோஷிட்டோ கிஷியும் அவருடைய மாணவர்களும் 1992-ல் ஹாலிகோண்ட்ரின் பி-யை முழுவதுமாகச் சோதனைச்சாலையிலேயே கட்டி எழுப்பினார்கள். அந்த மூலக்கூறின் பிரம்மாண்டத்தைப் பார்த்த வேதியியல் மாணவர் எவரும் ஒரு நிமிடம் வாயடைத்துப் போவார். கட்டும்போது கிடைத்த துண்டுகளைச் சோதித்ததில், புற்றுநோய்ச் செல்லைக் கொல்வது அதன் வலது பாதிதான் என்று தெரிய வந்தது. இடது பாதி தேவையே இல்லை. ஜப்பானின் ஐசாய் நிறுவனம் அந்தப் பாதியை எடுத்து, உடம்புக்குள் சீக்கிரம் சிதையாதபடி மாற்றி அமைத்தது. அதுதான் எரிபுலின். அப்படியும் அதைச் செய்ய அறுபதுக்கு மேற்பட்ட படிகள் வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010 நவம்பரில், பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு அதை அனுமதித்தது. பஞ்சிலிருந்து பிரித்தது வெளியாகி 24 வருடம் ஆகியிருந்தது.

ஆக, அம்மாவுக்கு ஏறப்போகும் மருந்தில் கடற்பஞ்சு ஒரு துளியும் இருக்காது. கடல் கொடுத்தது வரைபடத்தை மட்டும்தான்.

எரிபுலின் தனிப் பிறவியும் அல்ல. கரீபியன் கடற்பஞ்சில் கண்ட பொருட்களைப் பார்த்துச் செய்த சைட்டரபின், 1969-லிருந்து ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. கடல்முயல் என்ற, வெளியே ஓடில்லாத நத்தையிடம் கண்ட விஷத்தின் செயற்கை வடிவத்தை எதிர்ப்புரதத்தோடு (ஆன்டிபாடி) கோர்த்து, ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போடுகிறோம். அந்த விஷத்தையும் கடல்முயல் சொந்தமாகச் செய்யவில்லை, அது மேய்கிற நீலப்பச்சைப் பாசி செய்தது என்று பிறகு தெரிந்தது. பாசி என்றதும் சித்தப்பா நிமிர்ந்து உட்காருவார். உட்காரட்டும். அந்த விஷத்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது நோயாளிகளிடம் தேறவில்லை. புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் போகும் எதிர்ப்புரதத்தில் கட்டி அனுப்பிய பிறகுதான் மருந்தானது.

இப்போது கேப்சூல். மண்டபம் பக்கம் நம் பெண்கள் மூச்சைப் பிடித்து மூழ்கி எடுக்கும் கட்டக்கோரை, மரிக்கொழுந்துப் பாசி இரண்டும் பெரும்பாலும் ஆல்ஜினேட், அகர் என்ற கூழ்ப்பொருட்களை எடுக்கத்தான் போகின்றன. கட்டக்கோரையில் 'ஃபியூக்காய்டன்' என்ற ஒட்டும் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. தட்டில் வளர்த்த மார்பகப் புற்றுநோய்ச் செல்களை அது கொன்றது என்று ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. விற்க வருகிறவர் காட்டுவது அந்த மாதிரிக் காகிதமாகத்தான் இருக்கும். என் ஓ.பி.யிலும் மாதம் ஒருவராவது அப்படி ஒரு நகலை மடித்துக் கொண்டுவருகிறார். தட்டில் உள்ள செல்லைப் பினாயில்கூடக் கொல்லும். நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொல்லுமா, வாயால் விழுங்கினால் குடல் தாண்டி ரத்தத்துக்குப் போகுமா, போய்க் கல்லீரலில் உள்ள கட்டியைச் சேருமா, சேர்ந்தால் மனிதர் கூடுதல் நாள் இருப்பாரா? மருந்து என்று சொல்ல இத்தனையையும் தாண்ட வேண்டும். எந்தப் பாசி கேப்சூலும் மார்பகப் புற்றுநோயில் அதையெல்லாம் தாண்டி வந்ததில்லை.

இதற்கு முன்னோடி சுறா. சுறாவுக்குப் புற்றுநோயே வராது என்று சொல்லி, 1990-களில் சுறா குருத்தெலும்புப் பொடியை உலகமெங்கும் விற்றார்கள். சுறாவுக்கும் புற்றுநோய் வரும். முற்றிய மார்பக, குடல் புற்றுநோய் உள்ள 83 பேரிடம் அந்தப் பொடியையும் வெறும் பொடியையும் பிரித்துக் கொடுத்து ஓர் ஆய்வு நடந்து, 2005-ல் முடிவு வந்தது. ஆயுளும் கூடவில்லை, உடம்பும் தேறவில்லை.

அந்தக் கேப்சூல் சும்மாவும் இருக்காது. கடல்பாசி அயோடினைச் சேர்த்து வைக்கும், அளவு மீறினால் தைராய்டு தடுமாறும். அம்மாவின் கல்லீரலில் ஏற்கெனவே நோய் இருக்கிறது. பெயர் தெரியாத ஒன்றைக் கொடுத்து நாளைக்குக் கல்லீரல் டெஸ்ட் ஏறினால், ஏற்றியது நோயா, ஊசியா, கேப்சூலா என்று யாருக்கும் தெரியாது. ஊசியைத் தள்ளிப்போட வேண்டி வரும். "ஆராய்ச்சி மருந்து" என்றால் அந்த ஆராய்ச்சியின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளுக்கென்று அரசுப் பதிவேடு இருக்கிறது, யாரும் பார்க்கலாம். சோதனை மருந்துக்கு நோயாளியிடமே மாதம் 6,500 ரூபாய் வாங்குவது ஆராய்ச்சியில் சேர்த்தி இல்லை.

எரிபுலினைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அது நோயை அடியோடு நீக்கும் மருந்து அல்ல. ஏற்கெனவே பல கீமோ பார்த்த 762 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், எரிபுலின் போட்டவர்களின் நடுமட்ட ஆயுள் 13.1 மாதம், மருத்துவர் தேர்ந்தெடுத்த வேறு சிகிச்சை பெற்றவர்களுக்கு 10.6 மாதம். பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாகவும் பாதிப் பேர் குறைவாகவும் இருந்தார்கள் என்று இதற்கு அர்த்தம். இரண்டரை மாதம் சின்னதாகத் தெரியலாம். அந்தக் கட்டத்தில் ஆயுளை நீட்டியதாக நிரூபித்த கீமோ அதற்கு முன் அபூர்வம். வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் அம்மாவின் முடிவு. அவரிடம் இந்த எண்களை மறைக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். வீட்டில் எல்லோரும் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் நோயாளிக்குச் சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

ஊசி முதல் நாளும் எட்டாம் நாளும், மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. நரம்பில் இரண்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஏறிவிடும். பாக்ளிடாக்செல் போல மணிக்கணக்கில் படுக்க வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் கால் மரமரப்பு. எரிபுலினும் நரம்பைத் தொடும். அந்தப் பெரிய ஆய்வில் பக்கவிளைவால் ஊசியை நிறுத்தியவர்களில் அதிகம் பேர் நிறுத்தியது இதற்காகத்தான். அம்மாவால் சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, கண்ணை மூடி நின்றால் தள்ளாடுகிறாரா, செருப்பு கழன்றது தெரிகிறதா என்று பார்த்து, முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். கல்லீரலில் நோய் இருப்பதால் ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) அளவைப் பார்த்து ஊசியின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அதையும் கேளுங்கள். இதயத் துடிப்பின் லயத்தை இந்த மருந்து சிலருக்கு மாற்றும் என்பதால் ஒரு ஈ.சி.ஜி., கூடவே பொட்டாசியம். வீட்டில் வேறு மாத்திரை சாப்பிட்டால் சீட்டோடு கொண்டுபோங்கள்.

வெள்ளணுக்கள் இறங்குவது இதில் மிகச் சாதாரணம். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். முடி, பாதிப் பேருக்குக் கொட்டும். பிறகு முளைக்கும்.

இன்னொன்று. பரவிய இடத்தில் எடுத்த பயாப்ஸியில் ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 என்ற புரதம் இரண்டையும் மறுபடி பார்த்தார்களா, பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ. மரபணு டெஸ்ட் ஆயிற்றா என்று கேளுங்கள். அந்த ரிப்போர்ட்டுகளைப் பொறுத்து எரிபுலினுக்கு முன்னாலேயே வேறு மருந்துக்கு இடம் இருக்கலாம். மருந்து விலை கையைக் கடிக்கும். அரசுக் காப்பீட்டில் வருமா என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

மீனுக்குத் தடை எதுவும் இல்லை. கீமோ நடக்கும்போது புரதம் வேண்டும். நன்றாக வெந்த மீன் குழம்பு, வாய்க்குப் பிடித்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்? வேகாத, அரைவேக்காட்டு நண்டும் சிப்பியும் மட்டும் வெள்ளணு குறைந்த நாட்களில் தவிர்க்கவும். நோன்புக்குச் செய்கிற கடல்பாசி இனிப்பு யாராவது கொடுத்தால் இரண்டு துண்டு சாப்பிடட்டும், அது வெறும் அகர். சுறாப்புட்டு கேட்டாலும் எப்போதாவது செய்து கொடுங்கள். வாயில் புண் இருக்கும் வாரத்தில் பச்சைமிளகாயைக் குறைத்துக்கொண்டால் போதும்.