மருத்துவர் பதில்கள்: தாடி, பல் செட், குறட்டை – மயக்க மருத்துவர் ஏன் விசாரிக்கிறார்?

கேள்வி: என் தந்தைக்கு வயது 67. பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோபி முறையில் ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். அவரைப் பரிசோதித்த மயக்க மருத்துவர், தாடியை எடுத்துவிட்டு வரச் சொன்னார்; குறட்டை விடுவாரா என்று துருவித் துருவிக் கேட்டார்; பல் செட்டை மட்டும் தியேட்டர் வரை கழற்ற வேண்டாம் என்றார். வயிற்றில் செய்யும் ஆபரேஷனுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு? தாடி, பழநிக்கு வேண்டிக்கொண்டு வளர்ப்பது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் தந்தையாருக்கு முழு மயக்கம் தேவைப்படும். நரம்பில் மருந்து செலுத்திய ஒரு நிமிடத்துக்குள் நினைவு மங்குவதோடு மூச்சும் நின்றுவிடும். தசைகளைத் தளர்த்தும் மருந்து வேலை செய்து, மூச்சுக்குழாயில் டியூப் பொருத்தப்படும் வரையிலான அந்தச் சில நிமிடங்களுக்கு, மாஸ்க்கின் வழியாக அவருக்கு மூச்சு கொடுப்பவர் மயக்க மருத்துவர்தான். டியூப் பொருத்துவது எதிர்பாராமல் சிக்கலானாலும் அவர் முதலில் திரும்பி வருவது இந்த மாஸ்க்குக்கே. அதனால்தான் ஆபரேஷன் வயிற்றில் என்றாலும் அவருடைய கண் முகத்தின் மீதே இருக்கிறது.

இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் கீழ்த்தாடை எலும்பைப் பற்றி மேல்நோக்கித் தூக்கும். வலது கை, மாஸ்க்கோடு இணைந்த காற்றுப் பையை அமுக்கும். தாடையைத் தூக்காவிட்டால், தளர்ந்த நாக்கும் உள்நாக்குப் பகுதியும் பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். பையைப் பலமாக அமுக்கிச் சமாளிக்கவும் முடியாது. அழுத்தம் கூடினால் காற்று இரைப்பைக்குள் போய், அங்குள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்து உண்டு. மார்பு எழும்பித் தாழ்வதும், திரையில் கார்பன் டை ஆக்சைடு அலை தெரிவதுமே காற்று சரியான இடத்துக்குப் போகிறது என்பதற்குச் சான்று.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாடியின் மீது வைத்த மாஸ்க், புல்தரையில் கவிழ்த்த கிண்ணம் போன்றது. விளிம்பெங்கும் காற்று கசியும். பற்கள் இல்லாதவர்களுக்குக் கன்னம் உள்வாங்கிவிடுவதால் மாஸ்க் படிவதில்லை. நன்றாகப் பொருந்திய பல் செட் வாயில் இருந்தால் அந்த இடைவெளி நிரம்பும். (ஆடுகிற அல்லது ஓரிரு பல் மட்டுமுள்ள செட் என்றால் கதை வேறு. அது தொண்டைக்குள் விழக்கூடும் என்பதால் முன்பே கழற்றிவிட வேண்டும்.) குறட்டை விடுபவரின் தொண்டை, சாதாரண உறக்கத்திலேயே பாதி அடைபடுகிறது, மயக்கத்தில் அது மேலும் அடைபடும்.

பிரான்சில் 1,502 நோயாளிகளைக் கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், சுமார் 5 சதவீதம் பேருக்கு மாஸ்க் வழியாக மூச்சு கொடுப்பது கடினமாக இருந்தது. 55 வயதைக் கடந்திருப்பது, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீடு (பி.எம்.ஐ.) 26க்கு மேல் இருப்பது, தாடி, பற்கள் இல்லாமை, குறட்டை ஆகிய ஐந்தும் அதில் எச்சரிக்கை அடையாளங்களாகத் தெரியவந்தன. இரண்டு சேர்ந்தாலே கவனம் தேவை. இந்த ஐந்தில் ஒரே மாலையில் நீக்கக்கூடியது தாடி ஒன்றுதான் என்பதால் மருத்துவர் அதைக் கேட்டிருக்கிறார். எனினும், வேண்டுதலைச் சொல்லத் தயங்காதீர்கள். தாடியின் மேல் ஒளி ஊடுருவும் ஒட்டும் படலத்தை ஒட்டி வாய்க்கும் மூக்குக்கும் திறப்பு விடுவது, விளிம்பில் ஜெல் தடவுவது எனச் சில வழிகள் உண்டு. அவை மழித்த முகத்துக்கு ஈடாகா என்பது என் கருத்து. ஆனால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதைவிட மேல்.

கேள்வி: தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குக் கொடுத்த சீட்டில், “மாஸ்க் வென்டிலேஷன் கடினம், மூன்றாம் நிலை” என்று எழுதியிருக்கிறார்கள். எதுவும் விபரீதம் நடந்ததா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. மாஸ்க் வழியாக மூச்சு கொடுப்பது (மாஸ்க் வென்டிலேஷன்) எவ்வளவு கடினம் என்பதைக் குறிக்க ஒன்று முதல் நான்கு வரை நிலைகள் உள்ளன. மூச்சு போதிய அளவு செல்லாமலோ, நிலையில்லாமலோ, இருவர் சேர்ந்து கொடுக்க வேண்டியோ இருந்தால் அது மூன்றாம் நிலை. அறவே இயலாமல் போவது நான்காம் நிலை. உங்களுக்கு அநேகமாக ஒருவர் இரு கைகளாலும் மாஸ்க்கைப் பிடித்துத் தாடையைத் தூக்க, மற்றவர் பையை அமுக்கியிருப்பார். நாக்கு சரியாமலிருக்க வாயில் வளைந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் வைத்திருக்கலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 53,041 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், நான்காம் நிலையை எட்டியவர்கள் 77 பேர் மட்டுமே. அவர்களிலும் டியூப் பொருத்துவது கடினமாக இருந்தது 19 பேருக்குத்தான். அதாவது, மாஸ்க் கைவிட்டாலும் பெரும்பாலும் டியூப் கைகொடுக்கிறது. இரண்டும் கைவிட்டால் லண்டனில் மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன் உருவாக்கிய, தொண்டைக்குள் அமரும் லாரிஞ்சியல் மாஸ்க் இருக்கிறது. அதுவும் பயன்படாவிட்டால் மட்டுமே கழுத்தின் முன்புறத்தில் திறப்பு இடுவார்கள். அந்தச் சீட்டைக் கிழித்தெறியாமல் கைபேசியில் படமெடுத்து வைத்து, அடுத்த முறை பல் மருத்துவமனையில் மயக்கம் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் காட்டுங்கள்.

கேள்வி: மாஸ்க்கை வைத்து ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னார்கள். நான்கைந்து முறை இழுத்தும் மயக்கமே வரவில்லை. மருந்து வேலை செய்யவில்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: அது மயக்க மருந்தாக இருந்திருக்காது, வெறும் ஆக்சிஜனாகவே இருந்திருக்கும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். மூன்று நிமிடம் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் நுரையீரலில் இருக்கும் நைட்ரஜன் வெளியேறி, அந்த இடமெல்லாம் ஆக்சிஜன் சேமிப்பாகிறது. இந்தச் சேமிப்பு இல்லாமல் மூச்சு நின்றால், ஆரோக்கியமானவருக்கும் ஒன்றிரண்டு நிமிடங்களில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு சரியத் தொடங்கும். சேமிப்பு இருந்தால் சுமார் எட்டு நிமிடம் தாக்குப்பிடிக்கலாம், பருமனானவர்களுக்கு அது மூன்று நிமிடமாகக் குறையும். மாஸ்க்கை முகத்தோடு ஒட்டாமல் தூக்கிப் பிடித்தால் வெளிக்காற்று கலந்து பலன் போய்விடும். மூச்சு முட்டுவது போலிருந்தால் மாஸ்க்கை நானே பிடித்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.