ஒன்பது வாரமும் பின்னேரம் நாலு மணியும்

தங்கச்சி, போன இலையுதிர்காலம்தான் கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தோம், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், மகனுக்கு 9 வயது, மகளுக்கு 6, ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டினால் பிள்ளைகளை எந்தச் சமர் காம்புக்கு (கோடைக்கால முகாமுக்கு) விடுவது என்று கேட்டிருந்தீர்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன் இதே கேள்வியோடு நானும் நின்றேன். அன்று எனக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கலண்டரை மேசையில் விரியுங்கள். ஜூன் கடைசியில் இருந்து செப்டெம்பர் லேபர் டேக்கு (தொழிலாளர் தின விடுமுறைக்கு) மறுநாள் செவ்வாய் வரை 9, சில வருடம் 10 வாரம் வரும். ஒன்ராறியோவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குச் சட்டப்படி உள்ள லீவு 2 வாரம், அதுவும் ஒரு வருடம் வேலை செய்து முடித்த பிறகு. எவ்வளவு லீவு கிடைத்தாலும் இரண்டு பேரும் ஒன்றாக எடுக்காதீர்கள். ஒருவருடைய லீவை ஓகஸ்ட் கடைசி வாரத்துக்கு ஒதுக்குங்கள். காம்புகளில் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் உயர்பள்ளி, பல்கலைக்கழக மாணவர்கள். அவர்கள் படிப்புக்குத் திரும்பும் அந்த நாட்களில் பல காம்புகள் நடக்காது.

அடுத்தது மணி. பகல்நேரக் காம்புகள் அநேகமாகக் காலை 9 மணிக்குத் தொடங்கி 4 மணிக்குள் முடிந்துவிடும். என்னுடைய முதல் கோடையில் இதை நான் யோசிக்கவில்லை. ரோபோ செய்யப் பழக்குகிறோம் என்ற ஒரு தனியார் விளம்பரத்தை நம்பி, என் சம்பளத்தில் பாதியைக் கட்டிவிட்டேன். காம்ப் 3.30க்கு முடியும், எனக்கு வேலை முடிவது 4 மணிக்கு. இரண்டு பஸ் மாறி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, மகள் வாசல்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு சப்பாத்து நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். பக்கத்தில் நின்ற காம்புப் பெட்டை மணிக்கூட்டைப் பார்த்துப் பிந்திய நிமிடங்களைக் கணக்கெழுதினாள், ஒவ்வொன்றுக்கும் காசு. காசு போனால் போகட்டும். "அம்மா, என்னை மறந்துபோனீங்களோ?" என்று பிள்ளை கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த வருடம் வீட்டில் இருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த மாநகரசபைச் சமூக நிலையத்தில் சேர்த்தேன். பந்து, நீச்சல், வெட்டி ஒட்டும் வேலை, பூங்கா, அவ்வளவுதான். ஆனால் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை ஓகஸ்டில் ஆங்கிலப் பாட்டைப் பாடிக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தாள். அதனால்தான் சொல்கிறேன்: நேரமும் தூரமும் சரிவந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. காலையும் பின்னேரமும் கூடுதல் நேரம் வைத்திருப்பார்களா, அதற்கு எவ்வளவு என்று கேட்ட பிறகே காசு கட்டுங்கள். ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைகள், வெயில் கடுமையான நாளில் எங்கே வைத்திருப்பார்கள், நீச்சல் தடாகத்தில் யார் கண் வைப்பார்கள் என்பதையும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

ரொறன்ரோ மாநகரசபை நடத்தும் காம்ப்-டிஓ (CampTO) என்ற பகல்நேரக் காம்ப் தனியாரைவிட நன்றாக மலிவு. ஆனால் பனி கொட்டும் காலத்திலேயே பதிவைப் பற்றி யோசிக்க வேண்டும். பதிவு நாளில் காலை 7 மணிக்கு இணையத்தில் திறப்பார்கள், நல்ல இடங்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கணக்கை முதலே திறந்து, விருப்பமான காம்புகளின் இலக்கங்களைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு உட்காருங்கள். வருமானம் குறைவென்றால் 'வெல்கம் பொலிசி' என்ற மாநகரசபையின் கட்டண உதவிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், முடிவு வர வாரக்கணக்காகும். மிருகக்காட்சிசாலையும் நம் ஸ்காபரோவில்தான் இருக்கிறது, அங்கேயும் காம்ப் உண்டு. ஒரு வாரம் ஆசைக்கு அனுப்பலாம், முழுக்கோடைக்கும் கட்டாது.

ரசீதுகளைத் தயவுசெய்து எறியாதீர்கள். நீங்கள் வேலைக்குப் போவதற்காகக் கட்டும் பகல்நேரக் காம்புக் காசைப் பிள்ளைப் பராமரிப்புச் செலவாக வரிப் படிவத்தின் 21400ஆம் வரியில் காட்டி, வருமானத்தில் இருந்து கழிக்கலாம். வருட முடிவில் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 8,000 டொலர் வரை, 7 முதல் 16 வயது வரை 5,000. பொதுவாக, இருவரில் வருமானம் குறைந்தவர்தான் காட்ட வேண்டும். இது நான் முதல் இரண்டு வருடமும் இழந்த காசு.

அம்மாவை, பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்கும் சுப்பர் விசாவில் கூப்பிடலாமா என்றும் கேட்டீர்கள். கூப்பிடுங்கள், ஆனால் இதற்காக மட்டும் வேண்டாம். புது ஊரில் வயதான மனுஷியை இரண்டு பிள்ளைகளோடு ஒன்பது வாரம் அபார்ட்மென்டுக்குள் வைத்தால் மூன்று பேரும் வாடிப்போவார்கள். அம்மா வந்தாலும் அரைவாசி வாரங்களுக்குக் காம்ப் எடுங்கள். மற்ற நாட்களில் மோல்வேர்ன் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். அங்கே தமிழ்ப் புத்தகமும் உண்டு, பிள்ளைகளுக்குக் கோடை வாசிப்புக் கழகமும் இலவசம்.

சாப்பாட்டில் கச்சான் (நிலக்கடலை) கலந்த எதையும் வைக்காதீர்கள், காம்புகள் விடாது. தண்ணீர்ப் போத்தலிலும் தொப்பியிலும் பெயர் எழுதுங்கள், ஒரு சோடி காலுறையைக் கூடுதலாக வையுங்கள்.

இந்தச் சனிக்கிழமையே பக்கத்துச் சமூக நிலையத்துக்கு நேரில் போய்ப் பதிவு நாளைக் கேளுங்கள். சின்னவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீச்சல் தடாகத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.